ஷியாட்சு: ஒரு மணி நேரக் காசு எங்கே போகிறது?

டோக்கியோவில் எந்தப் பெரிய ரயில் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாலும் இரண்டு வகைப் பலகைகள் தென்படும். ஒன்று, உடம்பு பிடித்துவிட ‘60 நிமிடம் 2,980 யென்’ என்று கொட்டை எழுத்தில் கூவி அழைக்கும். இன்னொன்று மாடிப்படி ஓரத்தில் சின்னதாக, ஷியாட்சு சிகிச்சையகம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். ஷியாட்சு என்றால் விரலாலும் உள்ளங்கையாலும் அமுக்கிச் செய்யும் ஜப்பானிய முறை. அந்தப் படியேறிப் போனால் அதே அறுபது நிமிடத்துக்குச் சுமார் 6,000 முதல் 8,000 யென் வரை ஆகும். ஹோட்டல் அறைக்கே ஆளை வரவழைத்தால் இன்னும் கூடும்.

தோள், பிடரி, இடுப்பு இறுக்கத்துக்காகப் போகிறவர்களுக்கு விலை கூடிய இடமே லாபம். அங்கே இன்னும் பலமாக அமுக்குவார்கள் என்பதால் அல்ல. பலத்துக்காகக் காசு கொடுப்பதென்றால் மலிவுக் கடையே போதும். ஷியாட்சுவில் தேர்ந்த கை எது என்பது விரல் உள்ளே போகும் கோணத்திலும், அங்கே தங்கும் நேரத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாக அது வெளியே வரும் விதத்திலும்தான் தெரியும்.

பலகையில் பார்க்க வேண்டியது

ஜப்பானில் ஷியாட்சு அரசு உரிமம் உள்ள தொழில். 1947-ல் வந்த சட்டம், 1955 திருத்தத்தில் ஷியாட்சுவையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. அன்மா என்ற பழைய பிடித்துவிடும் முறை, மேற்கத்திய மசாஜ், ஷியாட்சு மூன்றுக்கும் ஒரே உரிமம்தான். குறைந்தது மூன்று ஆண்டு படிப்பு, அதில் உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் எல்லாம் உண்டு. பிறகு தேசியத் தேர்வு. தேறியவருக்குச் சுகாதார அமைச்சரின் பெயரில் உரிமம் வரும். உரிமக்காரர்களைப் பொதுமக்கள் அடையாளம் காண 2016 முதல் புகைப்பட அட்டையும் கொடுக்கிறார்கள். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

மலிவுக் கடைப் பலகையில் ‘ஷியாட்சு’, ‘மசாஜ்’ என்ற சொற்கள் பெரும்பாலும் இருக்காது. உரிமம் இல்லாதவர் அவற்றைத் தொழிலாகச் செய்ய முடியாது என்பதால் ‘மொமிஹொகுஷி’ (பிசைந்து தளர்த்துவது), ‘பாடி கேர்’, ‘ரிலாக்ஸேஷன்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருப்பார்கள். ‘சேய்தாய்’ (உடம்பைச் சீர்செய்வது) என்று இருந்தால் அதற்கும் அரசு உரிமம் கிடையாது. ‘செக்கோட்சுயின்’, ‘சேய்கோட்சுயின்’ என்றால் உரிமம் உண்டு, ஆனால் வேறு உரிமம்: சுளுக்கு, மூட்டு நழுவல் பார்ப்பவர்கள். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்கள் அலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்க்கும்போது இவையெல்லாம் ‘மசாஜ்’ என்றே வந்து நிற்கும். ஏமாறுவது அங்கேதான்.

மலிவுக் கடைகளில் கைதேர்ந்தவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருக்கிறார்கள், ஆனால் யார் கையில் மாட்டுவோம் என்பது சீட்டுக் குலுக்கல். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டும் என்பதே சிலருக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் பார்வையற்றவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அன்மா எடோ காலத்திலிருந்தே (17–19ஆம் நூற்றாண்டு) அவர்கள் கையில் இருந்த தொழில். அவர்கள் பிழைப்பைக் காக்க, பார்வையுள்ளவர்களுக்கான புதிய பள்ளிகளைக் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்று இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அது செல்லும் என்று 2022-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முன்பதிவு செய்யும்போது ‘சிகிச்சையாளருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு’ என்று சொன்னால் தயங்க வேண்டியதில்லை. தசையின் இறுக்கத்தை விரலாலேயே படித்துப் பழகியவர்கள்.

எந்தப் பள்ளிக் கை

இரண்டு பெரிய மரபுகள். தொகுஜிரோ நாமிகோஷி (1905–2000) 1925-ல் ஹொக்கைடோவின் முரொரான் நகரில் சிகிச்சையகம் திறந்தார். 1940-ல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். 1954-ல் தேனிலவுக்கு ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு ஷியாட்சு செய்தவரும் இவர்தான். ஊரெல்லாம் இவர் பெயர் பரவ அது ஒரு காரணம். உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் நாடி ஓட்டப் பாதைகள் பற்றிய பேச்சு இவர் முறையில் இல்லை. தசை, நரம்பு, இரத்த ஓட்டம் என்று உடற்கூறு மொழியிலேயே பேசுவார்கள். எந்தப் பகுதியில் எத்தனை இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எண்ணி வகுத்தது: கழுத்தின் முன்பக்கம் ஒவ்வொரு புறமும் 4, பக்கவாட்டில் 3, மண்டையோட்டின் அடிக்குழியில் 1, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே 5, அதற்குக் கீழிருந்து இடுப்பு வரை 10, தொடையின் பின்புறம் 10, முழங்காலின் பின்குழியில் 3, கெண்டைக்காலில் 8.

ஷிசுதோ மசுனாகா (1925–1981) கியோத்தோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். நாமிகோஷி பள்ளியில் பாடம் நடத்திய பிறகு தனி வழி கண்டார். சீன மருத்துவத்தின் அந்தப் பாதைகளை உடல் முழுக்க நீட்டி வரைந்தார். அந்த ஆற்றல் எங்கே வெறுமை, எங்கே நிறைவு என்று அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானிப்பது இவர் முறை. முதலில் வெறுமையான இடத்தில் கை நீண்ட நேரம் தங்கும். இறுகிப் பொங்கிய இடம் தானாகவே கொஞ்சம் இளகும் என்பது கணக்கு. ஐரோப்பாவில் ஷியாட்சு என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வழிதான்.

எது மேல்? ‘வலது தோளில் இந்த இடம்’ என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய தொந்தரவு என்றால் நாமிகோஷி கை. தூக்கம் கெட்டு, உடம்பு முழுக்கக் கனத்து, எங்கே என்று சொல்லத் தெரியாத அலுப்பு என்றால் மசுனாகா கை. வெறுமை, நிறைவு என்ற விளக்கத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்த முறை சிகிச்சையாளரை மெதுவாக இயங்க வைக்கிறது, அதனால் உடல் அடங்குகிறது என்று எடுத்துக்கொண்டாலும் பலன் ஒன்றுதான்.

அறுபது நிமிடத்தில் நடப்பது

எண்ணெய் கிடையாது. ஆடையும் களைவதில்லை. தளர்வான பருத்திக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை போதும். பல இடங்களில் அவர்களே மாற்றுடை தருவார்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் தொடையில் விரல் இறங்காது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் போகாதீர்கள். வயிற்றிலும் அமுக்குவார்கள், குப்புறவும் படுக்க வேண்டியிருக்கும்.

முதல் ஐந்து பத்து நிமிடம் கேள்விகள். எங்கே வலி, எத்தனை நாளாக, மரத்துப்போகிறதா, என்ன மாத்திரை, அறுவை சிகிச்சை ஏதும் உண்டா. இந்தக் கேள்விகள் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். பிறகு தரையில் விரித்த மெத்தை, அல்லது தாழ்வான அகலக் கட்டில். நாமிகோஷி முறையில் முதலில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள், பிறகு குப்புற, கடைசியில் மல்லாந்து. விரலுக்கும் உடம்புக்கும் நடுவே மெல்லிய பருத்தித் துணி ஒன்றை விரிப்பார்கள்: வியர்வையில் விரல் வழுக்காமல் இருக்கவும், தோல் உராயாமல் இருக்கவும்.

முதுகில் செய்யும்போது கவனித்தால் கையின் தரம் தெரிந்துவிடும். முதுகெலும்பின் மேட்டிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளி, இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தசைத் திரட்சியின்மேல் இரு கட்டைவிரல்களும் இறங்கும். விரல் நுனி அல்ல, கட்டைவிரலின் சதைப்பகுதி. நகம் குத்துகிற மாதிரி கூர்மையான வலி வந்தால் நுனியால் குத்துகிறார் என்று அர்த்தம். விரல் தோலுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். உடம்பு வளைவாக இருப்பதால் ஒவ்வொரு இடத்திலும் கோணம் மாறும். சாய்த்து அமுக்கினால் தோல் இழுபடும், தசை ஒரு பக்கமாக நழுவும், ஆழத்துக்குப் போக வேண்டிய அழுத்தம் மேலோடு சிதறிவிடும்.

அழுத்தம் வருவது புஜத்திலிருந்து அல்ல. முழங்கால்களை அகற்றி ஊன்றி, கைகளை ஏறக்குறைய நேராக வைத்து, இடுப்போடு சேர்த்து உடல் எடையை முன்னே சாய்ப்பார். அப்படிச் சாய்ந்தால் அழுத்தம் நடுங்காது. புஜபலத்தால் தள்ளுகிறவரின் விரல் சில நிமிடங்களிலேயே மெல்ல நடுங்கத் தொடங்கும். அவர் மூச்சு வாங்குவதும் காதில் விழும். அப்படிச் செய்கிறவர்களுக்குத் தொழிலில் முதலில் போவது கட்டைவிரலின் அடிமூட்டு.

நீங்கள் மூச்சை வெளியே விடும்போது விரல் இறங்கும். மூன்று முதல் ஐந்து வினாடி நிற்கும். பிறகு இறங்கிய அதே வேகத்தில் மேலே வரும், ஒரு விரல் அகலம் நகரும், மறுபடி இறங்கும். நிறுத்தும் நேரத்தைப் பலர் சரியாகச் செய்துவிடுவார்கள். விரலை எடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். சட்டென்று எடுத்தால் அப்போதுதான் இளகிய தசை திடுக்கிட்டுத் திரும்ப இறுகும். சட்டென்று இறக்கினாலும் அதே கதை: தசை தற்காப்புக்காக விறைக்கும், அந்த விறைப்பை உடைக்க இன்னும் பலம் போடுவார், அது இன்னும் விறைக்கும். அறுபது நிமிடம் இப்படிப் போனால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

மசுனாகா வழிக்காரர் என்றால் ஒரு கை எப்போதும் ஓரிடத்தில் அசையாமல் தங்கியிருக்கும், மற்றது நகரும். தங்கும் கையைத் தாய்க்கை என்பார்கள். அது சும்மா கிடப்பதாகத் தோன்றும். ஆனால் நகரும் கை செய்வதற்கு உடம்பு எப்படி இசைகிறது என்பதை உணர்வது அந்தக் கைதான். இரண்டு கையையும் ஒருசேர எடுத்துவிட்டு அடிக்கடி வேறிடம் தாவுகிறவர் இந்த மரபை அரைகுறையாகக் கற்றவர்.

வயிற்றுக்கு முதலில் உள்ளங்கை. தொப்புளைச் சுற்றி ஒன்பது இடங்களில் மெதுவாக இறங்கும். பிறகுதான் விரல். இதை நேரமில்லை என்று தவிர்க்கும் சிகிச்சையாளர்கள் உண்டு. வயிறு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எவ்வளவு வலிக்க வேண்டும்

ஜப்பானியர்கள் இதற்கு ‘இதாகிமோச்சி’ என்பார்கள்: வலிக்கிறது, ஆனால் கையை எடுத்துவிடாதே என்று தோன்றும் எல்லை. அதைத் தாண்டினால் பல்லைக் கடிப்பீர்கள், மூச்சு நிற்கும், கால்விரல் மடங்கும். இவற்றில் ஒன்று நடந்தாலும் அழுத்தம் அதிகம். நல்ல சிகிச்சையாளர் நீங்கள் சொல்லும் முன்பே குறைத்துவிடுவார். இல்லாவிட்டால் நாலு சொல் போதும்: வலித்தால் ‘இதாய்’, குறைக்க ‘யொவாமே’, கூட்ட ‘ட்சுயொமே’, அந்த இடமேதான் என்றால் ‘சொக்கோ’. தோளுக்கு ‘கதா’, கழுத்துக்கு ‘குபி’, இடுப்புக்கு ‘கொஷி’.

எலும்பு நொறுங்க அமுக்கினால்தான் கொடுத்த காசு செரித்தது என்று நினைக்கும் வாடிக்கையாளர்கள் அங்கேயும் உண்டு. விளைவின் பெயர் ‘மொமிகாயெஷி’: மறுநாள் தொட்டாலே வலி, சில நேரம் வீக்கம், கன்றிப்போன தோல். மிகையான அழுத்தத்தில் தசை நார்கள் அடிபட்டதன் அறிகுறி அது. ‘உடம்பு குணமாகும்போது இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிச் சமாளிப்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு நாள் லேசான அசதி, தூக்கக் கிறக்கம் என்றால் சரி. அமுக்கிய இடத்திலேயே குத்தும் வலி இரண்டு நாளைத் தாண்டினால் சரியில்லை. மரத்துப்போனால், மூச்சு இழுக்கும்போது விலா வலித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். முதியவர்களுக்கு, அதிலும் எலும்பு தேய்ந்தவர்களுக்கு, குப்புறப் படுக்க வைத்து முதுகின் பக்கவாட்டில் எடையைப் போட்டால் விலா எலும்பு முறியக்கூடும். ஜப்பானின் தேசிய நுகர்வோர் மையம் கையால் செய்யும் சிகிச்சைகளில் நேரும் காயங்களைப் பற்றி 2012-ல் எச்சரிக்கை வெளியிட்டதே இப்படிப்பட்ட புகார்கள் குவிந்ததால்தான்.

கழுத்தின் முன்பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது. நாமிகோஷி வரிசையின் முதல் இடம் தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி துடிக்கும் இடம். அங்கே அமுக்கினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், லேசாக, மூன்று வினாடிக்கு மேல் போகாமல் என்பது விதி. இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கவே கூடாது. தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்தவர்களுக்கு அந்தப் படிவு பெயர்ந்து மூளைக்கோ கண்ணுக்கோ போக வாய்ப்புண்டு. கழுத்தில் பலமாக அமுக்கியதன் பின் பக்கவாதமும் பார்வைக் குறைவும் ஏற்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அறுபது வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் ‘முன்கழுத்து வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது நல்லது. பின்கழுத்தும் தோளும் செய்தாலே போதிய பலன் கிடைக்கும்.

நீண்ட விமானப் பயணம் முடித்து இறங்கியவுடன் கால் பிடித்துவிடச் சொல்லி ஓடுபவர்களுக்கு இன்னொன்று. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். அமுக்கினால் கட்டு நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். அப்போது போக வேண்டியது மருத்துவமனைக்கு. காய்ச்சல், புதிய எலும்பு முறிவு, சமீபத்திய அறுவை சிகிச்சை, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும், அல்லது மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அனுபவமுள்ளவர் ஒருக்களித்த நிலையில் மட்டும் செய்வார்; வயிறு, கணுக்காலின் உட்புறம், தோளின் உச்சி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிலுள்ள சதை ஆகிய இடங்களை மரபாகவே விட்டுவிடுவார்கள்.

எதற்குப் பயன், எதற்கு இல்லை

கணினி முன் உட்கார்ந்து இறுகிய தோளும் பிடரியும், தசையால் வரும் இடுப்பு வலி, பதற்றத்தால் வரும் தூக்கக் குறைவு: இவற்றுக்கு நல்ல கை கிடைத்தால் சில நாள் நிம்மதி உறுதி. இறங்கி எழுந்தவுடன் கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பும். அது நிலைக்க வேண்டுமென்றால் உட்காரும் விதத்தை மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. புட்டத்தின் பக்கவாட்டில் நாமிகோஷி பெயராலேயே அழைக்கப்படும் ஓர் இடம் உண்டு. புட்டத்திலிருந்து காலுக்கு இழுக்கும் வலிக்கு அங்கே அமுக்குவார்கள், பலருக்கு உடனே கால் லேசாகும். ஆனால் கால் வலுவிழந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அது ஷியாட்சு வேலை இல்லை.

புற்றுநோய், நீரிழிவு, ஆஸ்துமா தீரும் என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அந்த வாசலிலேயே திரும்பிவிடுங்கள். ஷியாட்சுவை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் சிறியவை. அலுப்பு நீக்கும் சேவையாக மதிப்பிட்டால் ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

‘ஷியாட்சு’ என்று விற்கும் தலையணைகள்

இணையக் கடைகளில் இந்தப் பெயரில் கிடைப்பவை சுழலும் உருண்டைகள். நாலோ எட்டோ உருண்டை வட்டமாகச் சுற்றும், அவ்வப்போது திசை மாறும், நடுவில் சிவப்பு விளக்கு சூடாக்கும். இவை செய்வது பிசைவது. செங்குத்தாக இறங்குவதும் இல்லை, நிற்பதும் இல்லை. ஆக இதற்கும் ஷியாட்சுவுக்கும் பெயர் மட்டுமே பொது. பிசைவதும் சுகம்தான், அதில் குறையில்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்காமல், உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்க்காமல் இருந்தால் சரி. கழுத்தின் முன்பக்கம் வைக்கவே கூடாது. தலைமுடி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் காலர் உருளையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்: கால் மசாஜ் கருவியின் உறையைக் கழற்றிவிட்டுக் கழுத்தில் வைத்துத் துணி சிக்கியதில் ஜப்பானில் உயிர்கள் போயிருக்கின்றன. கருவிதான் வேண்டும் என்பவர்களுக்குக் காற்றுப்பை உள்ள நாற்காலி பரவாயில்லை. பை மெதுவாக ஊதி, சில வினாடி இறுக்கி, மெதுவாக இறங்குகிறது. உள்ளங்கை அழுத்தத்துக்கு அதுவே கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது.

இந்தியாவில் ஷியாட்சுவுக்கென்று தனி அரசு உரிமம் இல்லாததால் ஸ்பாக்களின் பட்டியலில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். எண்ணெய்க் கிண்ணம் வந்து நின்றால் அது வேறு மசாஜ். எங்கே, யாரிடம், எத்தனை மணி நேரம் படித்தார் என்று கேளுங்கள்.

ஜப்பானில் முதல் முறைக்கு அறுபது நிமிடம் எடுங்கள். முப்பது நிமிடத்தில் தோளும் கழுத்தும் மட்டுமே முடியும், அதுவும் அவசரமாக. தொண்ணூறு நிமிடம் பழகாத உடம்புக்கு அதிகம். முதல் வருகைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். காசு குறைவாக இருந்தால் உரிமப் பள்ளிகளோடு இணைந்த பயிற்சிச் சிகிச்சையகங்களை விசாரிக்கலாம். மாணவர்தான் செய்வார், ஆசிரியர் மேற்பார்வை இருக்கும், வேகம் குறைவு, கவனம் அதிகம். மருத்துவரின் ஒப்புதல் கடிதத்தோடு காப்பீட்டில் செய்துகொள்வது பக்கவாதம், மூட்டு விறைப்பு போன்றவற்றுக்கு அங்கே வசிப்பவர்களுக்கான ஏற்பாடு. அலுப்புக்கு அது பொருந்தாது. டிப்ஸ் வைக்காதீர்கள், திருப்பிக் கொடுக்க வாசல்வரை ஓடி வருவார்கள். சிறிய சிகிச்சையகங்கள் பலவற்றில் கார்டு செல்லாது, கையில் யென் நோட்டாக இருக்கட்டும்.